உறையைக் கிழித்து எறியாதீர்கள்: வேக அபராதத்தின் மேல் ஏறும் தாமதக் கட்டணம்

வேக அபராதக் கடிதத்தோடு வழக்கறிஞரான என்னைப் பார்க்க வருகிற கட்சிக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது கடிதத்தை அல்ல, அது வந்த உறையை. பெரும்பாலானவர்கள் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். கடிதத்தின் தலைப்பில் அச்சாகியிருப்பது அலுவலகக் கணினி போட்ட தேதி. அந்தக் கடிதம் எப்போது வெளியே கிளம்பியது என்பதை உறையின் மேல் விழுந்த தபால் முத்திரைதான் சொல்லும். நான் நடத்திய ஒரு விவகாரத்தில் இரண்டுக்கும் நடுவே பதினோரு நாள் இடைவெளி இருந்தது. தாமதக் கட்டணம் முழுவதும் அந்த ஒரு காகித உறையால் ரத்தானது.

கட்சிக்காரர்கள் பேசத் தொடங்கியதும் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கேமரா தவறாகக் காட்டியது, அந்தச் சாலையில் வேக வரம்புப் பலகையை மரக்கிளை மறைத்திருந்தது, முன்னால் போனவர் இன்னும் வேகமாகப் போனார் என்றெல்லாம் சொல்வார்கள். அவற்றில் நியாயமும் இருக்கலாம். ஆனால் வேகத்துக்கு விதித்த அபராதம் ஒரு விவகாரம், உரிய நாளில் கட்டவில்லை என்பதற்காக அதன்மேல் ஏற்றிய கட்டணம் முற்றிலும் வேறொரு விவகாரம். முதலாவது சாலையில் நடந்ததைப் பற்றியது. இரண்டாவது தேதிகளைப் பற்றியது. தாமதக் கட்டணத்தை மறுத்து எழுதும் கடிதத்தில் கேமராவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால், அதைப் படிக்கும் அலுவலர் "இவர் அபராதத்தையே மறுக்கிறார், அதற்கான கெடு முடிந்துவிட்டது" என்று ஒரே வரியில் நிராகரித்துவிடுவார். நல்ல காரணம் கையில் இருந்தும் இப்படித் தோற்றவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளை எடுத்துத் தேதிகளை வரிசையாக எழுதுவது. மீறல் நடந்ததாகச் சொல்லப்படும் நாள், அறிவிப்பில் அச்சான நாள், தபால் முத்திரை நாள், உங்கள் கைக்கு வந்த நாள், கெடு முடிந்த நாள், நீங்கள் பணம் கட்டிய நாள், அது அவர்கள் கணக்கில் ஏறிய நாள். இந்த ஏழில் ஏதோ இரண்டுக்கு நடுவேதான் உங்கள் வாதம் ஒளிந்திருக்கும்.

அறிவிப்பு உரியவரிடம் முறையாகச் சேர்ப்பிக்கப்படுவதை நீதிமன்றங்களில் 'சார்வு' என்போம். தாமதக் கட்டணத் தகராறுகளில் என்னிடம் வருபவை பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நிற்கின்றன. "எனக்குக் கடிதம் வரவே இல்லை" என்று சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சரியான முகவரி எழுதி, தபால் செலவு கட்டி அனுப்பிய கடிதம் வழக்கமாக எத்தனை நாளில் போய்ச் சேருமோ, அத்தனை நாளில் சேர்ந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு பதிவுத் தபாலைப் பற்றி இதைத்தான் சொல்கிறது. பிரிட்டனின் 1978ஆம் ஆண்டுப் பொருள்விளக்கச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் இதே போக்கில் செல்கிறது. ஆனால் இரண்டிலுமே, மாறாக நிரூபிக்கப்படாத வரை என்ற பொருளில் ஒரு வாசகம் உண்டு. அந்தச் சிறு வாசகம்தான் உங்களுக்கான கதவு. நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையதுதான்.

எதை வைத்து நிரூபிப்பது? வீட்டை மாற்றியவர் பழைய வீட்டைக் காலி செய்த ஒப்பந்தத்தைக் காட்டலாம். மருத்துவமனையில் இருந்தவர் சேர்ந்த நாளும் வெளியேறிய நாளும் உள்ள சீட்டைக் காட்டலாம். அது கெடு ஓடிய நாள்களை மூடியிருக்க வேண்டும், முன்னும் பின்னும் இருந்தால் பயனில்லை. அடுக்குமாடியில் தபால் பெட்டி உடைந்து கிடந்தது என்றால், அதைப் பற்றி நிர்வாகத்துக்கு அப்போதே எழுதிய புகாரின் நகல் வேண்டும். இப்போது எழுதி வாங்கும் சான்றைவிட அப்போது எழுதிய ஒற்றை வரிக்கு மதிப்பு அதிகம்.

ஜெர்மனியில் இந்தச் சார்வு விஷயத்தைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே அபராத ஆணை பெரும்பாலும் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அதைச் சேர்த்த நாளை உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். வீட்டில் ஆள் இல்லாமல் பெட்டியில் போட்டாலும் அன்றைக்கே சேர்ந்ததாகக் கணக்கு. அந்த நாளிலிருந்து 2 வாரத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தன் தவறு எதுவும் இல்லாமல் கெடுவைத் தவறவிட்டவர், தடை நீங்கிய நாளிலிருந்து 1 வாரத்துக்குள் தன்னைப் பழைய நிலைக்கு மீட்கும்படி கோரலாம். அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே விட்டுப்போன ஆட்சேபத்தையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் பலரும் கோட்டை விடும் இடம். மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் காத்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் வேறு வழி. தனக்குத் தெரியாமலே நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, அபராதமும் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டுவிட்டது என்று பின்னால் அறிந்தவர், அறிந்ததிலிருந்து 21 நாளுக்குள், வழக்கு நடந்தது தனக்குத் தெரியாது என்று சட்டப்படியான உறுதிமொழி அளிக்கலாம். அளித்தால் அந்தத் தீர்ப்பு விழுந்துவிடும். கூடவே ஒன்றை மறக்கக்கூடாது: மூல வழக்கு உயிரோடுதான் இருக்கும், அதை முதலிலிருந்து சந்திக்க வேண்டும். பொய்யென்று தெரிந்தே உறுதிமொழி கொடுப்பது தனிக் குற்றம். வேகமாக ஓட்டியதைவிடப் பல மடங்கு கனமான குற்றம்.

பொய் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். நேர்மையான மனிதர். கடிதமே வரவில்லை என்று உறுதியாகச் சொன்னார், நானும் நம்பினேன். வழக்கம்போல, எதையும் எழுதும் முன் அபராதம் விதித்த அலுவலகத்திலிருந்து அவருடைய கட்டின், அதாவது அவர் விவகாரத்துக்கான கோப்பின், நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் அவர் மனைவி கையெழுத்திட்டு, "கட்ட இன்னும் ஒரு மாதம் அவகாசம் தாருங்கள்" என்று எழுதிய கடிதம் இருந்தது. கணவரைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று அந்த அம்மா தானே எழுதியிருக்கிறார், அவரிடம் சொல்லவில்லை. கட்டைப் பார்க்காமல் மறுப்பு அனுப்பியிருந்தால் ஒரு நேர்மையானவர் பொய்யராகப் பதிவாகியிருப்பார். கட்டைப் பார்த்ததால் வேறொன்று கிடைத்தது: அவகாசம் கேட்ட அந்தக் கடிதத்துக்கு அலுவலகம் பதிலே அனுப்பவில்லை, கேட்ட நாளுக்குப் பிறகுதான் கட்டணத்தை ஏற்றியிருந்தது. அதை வைத்து எழுதினோம், பாதித் தொகை குறைந்தது. எனவே கட்டின் நகலைக் கேளுங்கள். அனுப்பிய அறிவிப்பின் நகல், எந்த முகவரிக்கு, எந்த வழியில், என்றைக்கு அனுப்பப்பட்டது, கட்டணம் எந்த விதியின் கீழ் எந்த நாளில் ஏற்றப்பட்டது ஆகியவற்றைக் கேட்க வேண்டும்.

முகவரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டால் எல்லா இடத்திலும் மாறிவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்கள் மிக அதிகம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் உரிமத்துக்கு ஒரு பதிவு, வாகனத்துக்கு இன்னொரு பதிவு. கேமரா படம் பிடிப்பது வாகன எண்ணை, கடிதம் போவது வாகனப் பதிவில் உள்ள முகவரிக்கு. அதை மாற்றாமல் விட்டது நம் தவறாகவே பார்க்கப்படும், அந்த நிலையில் "கடிதம் வரவில்லை" என்ற வாதம் மிகவும் பலவீனமானது. மாற்ற விண்ணப்பித்தும் அலுவலகம் பதிவேற்றவில்லை என்றால் நிலைமை தலைகீழ்; அந்த விண்ணப்பத்தின் ஒப்புகை தங்கத்துக்குச் சமம்.

வாடகைக் கார், நிறுவனக் கார் ஓட்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அறிவிப்பு முதலில் உரிமையாளருக்குப் போய், அவர் உங்கள் பெயரைத் தெரிவித்து, பிறகுதான் உங்களுக்கு வரும். இங்கிலாந்தில் 14 நாளுக்குள் அறிவிப்பு சேர வேண்டும் என்ற விதி பதிவுபெற்ற வாகன உடைமையாளருக்கு அனுப்பும் முதல் கடிதத்துக்கானது, உங்களுக்கு வரும் இரண்டாம் கடிதத்துக்கு அல்ல. இந்தியாவிலும் மின்னணுக் கருவி பதிவு செய்த மீறலுக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற விதி 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. இந்த நாள்களை எண்ணும்போது யாருக்குப் போன கடிதம் என்பதைக் கவனியுங்கள். வாடகை நிறுவனம் உங்கள் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும் 'நிர்வாகக் கட்டணம்' தாமதக் கட்டணமே அல்ல. அது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ளது, அதை அரசு அலுவலகத்தில் முறையிட்டுப் பயனில்லை. ஆனால் அந்த நிறுவனம் அறிவிப்பை வாரக்கணக்கில் வைத்திருந்து, அதனால் உங்கள் மேல் தாமதம் விழுந்தது என்றால் அந்த இழப்பை நிறுவனத்திடம் கேட்க உங்களுக்கு வழி உண்டு.

பணம் கட்டியும் கட்டணம் விழுவது தனி வகை. இதில்தான் வெற்றி எளிது, மனம் நோவதும் அதிகம். ஒரு மகள் தன் வயதான தந்தையின் அபராதத்தை முதல் வாரத்திலேயே வங்கி வழியாகக் கட்டினார். அறிவிப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. பணம் அந்த அலுவலகத்தின் கணக்கில், யாருடையது என்று தெரியாத தொகையாக நான்கு மாதம் கிடந்தது. இதற்கிடையில் தந்தைக்கு நினைவூட்டல், பிறகு கட்டணம், பிறகு ஜப்தி மிரட்டல். அந்தப் பெரியவர் இரவில் தூங்கவில்லை. வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த ஒரு வரியைக் கோடிட்டு, பணம் சேர்ந்த நாளைக் காட்டி அனுப்பியதும் ஒரே வாரத்தில் முடிந்தது. கட்டிய பணத்தின் ரசீதில் அறிவிப்பு எண் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். பல இடங்களில் நீங்கள் அனுப்பிய நாளை அல்ல, பணம் அவர்களிடம் சேர்ந்த நாளைத்தான் எண்ணுவார்கள் என்பதால், கடைசி நாளில் வங்கி வழியாக அனுப்புவது ஆபத்து.

மறுப்புக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நான் எழுதித் தருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மேற்கண்ட எண்ணுள்ள அறிவிப்பின் மேல் விதிக்கப்பட்டுள்ள தாமதக் கட்டணத்தை மறுத்து இதை எழுதுகிறேன். முதல் அறிவிப்பு மார்ச் 3ஆம் தேதியிட்டது. நான் பிப்ரவரி 10ஆம் தேதியே காலி செய்த முகவரிக்கு அது அனுப்பப்பட்டிருக்கிறது. வாகனப் பதிவில் முகவரியை மாற்றப் பிப்ரவரி 14ஆம் தேதி விண்ணப்பித்தேன். ஒப்புகை நகல், இணைப்பு 1. நினைவூட்டல் ஏப்ரல் 22ஆம் தேதி கைக்குக் கிடைத்தது. உறையின் நகல், இணைப்பு 2. மூல அபராதத்தை ஏப்ரல் 24ஆம் தேதி செலுத்திவிட்டேன். ரசீது, இணைப்பு 3. தாமதக் கட்டணத்தை ரத்து செய்யும்படியும், முடிவு எழுத்தில் வரும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். மறுத்தால் அதற்கான காரணத்தையும், மேல்முறையீடு செய்ய வேண்டிய இடத்தையும், கெடுவையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கோபம், குடும்ப நிலைமை, அரசைப் பற்றிய கருத்து எதுவும் இதில் இல்லை. வசூலை நிறுத்திவைக்கும் கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுப்பு அனுப்பினாலே எல்லாம் நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு, பல இடங்களில் கேட்டால்தான் நிற்கும். தொலைபேசியில் ஓர் ஊழியர் "பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னது கெடுவை நிறுத்தாது. பேசிய நாள், நேரம், சொன்னது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே அதை எழுத்தில் அவர்களுக்கு அனுப்புங்கள்.

பணக் கஷ்டம் இருந்தால் அது வேறு விண்ணப்பம். தவணை கேட்பதற்கு வழியுண்டு, கேட்பதில் வெட்கமும் வேண்டாம். "கடிதம் வரவில்லை" என்பதையும் "வந்தது, கையில் பணமில்லை" என்பதையும் ஒரே கடிதத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும்.

மேலே மாதிரிக் கடிதத்தில் மூல அபராதத்தைக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறேன். அதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. வேகத்தையே மறுக்க விரும்புகிறவர் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். பிரான்சில் அபராதத்தைக் கட்டினால் மீறலை ஒப்புக்கொண்டதாகவே பொருள். அங்கே வேக மீறல்களில் ஒரு வகைக்கு 135 யூரோவாக இருக்கும் அபராதம், கெடு தாண்டினால் 375 யூரோவாகும். ஏறிய தொகையை 30 நாளுக்குள் கட்டினால் 20 விழுக்காடு குறைத்து 300 ஆக்குவார்கள். அந்தத் தள்ளுபடியைப் பார்த்து அவசரமாகக் கட்டிவிட்டு, பிறகு வாதாட வழி கேட்பவர்கள் உண்டு. வேகத்தில் தகராறு இல்லை, தாமதத்தில் மட்டும்தான் என்றால் மூலத் தொகையை உடனே கட்டிவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். கட்டும்போது எந்தத் தொகைக்காகக் கட்டுகிறீர்கள் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சில அலுவலகங்கள் அந்தப் பணத்தை முதலில் கட்டணத்தில் கழித்துக்கொண்டு, அபராதம் பாக்கி என்று காட்டும்.

கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் இணைப்பைக் கொடுத்து "உடனே கட்டாவிட்டால் கட்டணம் இரட்டிப்பாகும்" என்று சொன்னால், அதைத் தொடாமல், அதிகாரபூர்வத் தளத்துக்கு நீங்களாகச் சென்று வாகன எண்ணை வைத்துப் பாருங்கள்.

ரத்து செய்ததாகப் பதில் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. பாக்கித் தொகை எதுவும் இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், வசூல் பிரிவுக்கும் அது தெரிவிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். முடிவெடுக்கும் பிரிவும் வசூலிக்கும் பிரிவும் ஒன்றல்ல. உறையால் வென்ற அந்தக் கட்சிக்காரருக்கு ஒன்றரை ஆண்டு கழித்து, அதே எண்ணில், அதே தொகைக்கு வசூல் கடிதம் வந்தது. ரத்து ஆணையின் நகல் அவரிடம் இல்லை. என் அலமாரியில் இருந்த கட்டைத் தேடி எடுத்து, நகலை அன்று மாலையே அனுப்பினேன். நான்காம் நாள் வசூலைக் கைவிட்டதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலையும், அது வந்த உறையையும் அதே கட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன்.