உறையில் விட்டுப்போன ஒரு வரி

தேர்தல் ஆண்டு வந்துவிட்டால், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸில் என்னிடம் உயில் எழுத வருகிறவர்கள்கூடக் கைப்பையிலிருந்து தபால் வாக்கு உறையை எடுத்து நீட்டுவார்கள். சென்ற முறை ஒரு தமிழ் அம்மா, "சரியா இருக்கான்னு பாருங்க தம்பி" என்றார். சாட்சியின் கையெழுத்து இருந்தது, முகவரி இல்லை. "பக்கத்து வீட்டுக்காரர்தானே, இதுக்காகவா ஓட்டைத் தள்ளிடுவாங்க?"

தள்ளுவார்கள். அவருக்கு 2008-இல் நடந்ததைச் சொன்னேன்.

அந்த நவம்பரில் மினசோட்டா மாநிலமே அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஒரு இடத்துக்கு வாக்களித்தது. பதிவானவை ஏறத்தாழ 29 லட்சம். முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மன் 215 வாக்கு முன்னிலை. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால், சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் கையால் மறுபடி எண்ணினார்கள். ஜனநாயகக் கட்சியின் அல் ஃபிராங்கன் 49 வாக்கு முந்தினார். பிறகு, அதிகாரிகள் தவறாக நிராகரித்திருந்த 933 தபால் வாக்குகளை 2009 ஜனவரி 3 அன்று பிரித்தார்கள். முன்னிலை 225 ஆனது.

கோல்மன் வழக்குப் போட்டார். தபால் உறைகளை ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கறாராகவும் இன்னொன்றில் தாராளமாகவும் பார்த்தார்கள் என்பது அவர் தரப்பின் முக்கிய வாதம். மூன்று நீதிபதிகள் விசாரித்து, மேலும் 351 உறைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். வித்தியாசம் 312-இல் நின்றது. ஜூன் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதிசெய்தது. ஜூலை 7 அன்று ஃபிராங்கன் பதவியேற்கும் வரை, இருவர் இருக்க வேண்டிய மினசோட்டாவுக்கு ஒரே ஒரு செனட்டர்தான்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. தபால் வாக்காளர் விதிகளைப் பெரும்பாலும் பின்பற்றியிருந்தால் போதும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. முழுமையாகப் பின்பற்ற வேண்டும் என்றது. வாக்காளரின் எண்ணம் சீட்டில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், உறை தேறாவிட்டால் அந்தச் சீட்டை யாரும் பார்க்கவே போவதில்லை. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு, ஆனால் சட்டம் அதுதான்.

ஆகவே சீட்டைவிட உறையை நிதானமாகப் பாருங்கள். உங்கள் கையெழுத்து, சாட்சியின் பெயர், முகவரி, கையெழுத்து. விண்ணப்பத்தில் ஓட்டுநர் உரிம எண்ணைக் கொடுத்திருந்தால் உறையிலும் அதையே எழுதுங்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று எழுதிக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. தபாலுக்கு நாள் போதாது என்று தோன்றினால் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மா உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் கையாலேயே முகவரியை எழுதிக்கொடுக்க, அன்று மாலையே அது கவுண்டி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.