கடலைவிட ஆழமான கடல்வாய்: ஃபியோர்டு உருவாகும் விதம்

நார்வேயின் குட்வாங்கன் படகுத்துறையில் நின்று பார்த்தால் எதிரே இருப்பது ஏரி என்றே தோன்றும். பெரிய அலை கிடையாது. இரு பக்கமும் பாறைச் சுவர் நேராக நீருக்குள் இறங்குகிறது. ஆனாலும் அது கடல்தான்: பனியாறு (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி) தோண்டிய பள்ளத்தில் கடல் புகுந்து உண்டான ஃபியோர்டு. நேரோய்ஃபியோர்டு என்ற இந்த 17 கிலோமீட்டர் கிளை அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்டில் சேர்கிறது. அது போய் சோக்னஃபியோர்டில் சேர்கிறது. சோக்னஃபியோர்டின் நீளம் 205 கிலோமீட்டர், உட்பகுதியில் ஆழம் 1300 மீட்டருக்கும் மேல். ஆனால் கடலில் திறக்கும் வாயில் ஆழம் 200 மீட்டர்கூட இல்லை. உள்ளே கிணறு, வாசலில் படி. இந்த விசித்திரத்தில்தான் ஃபியோர்டின் கதை அடங்கியிருக்கிறது.

ஆறு எவ்வளவு அரித்தாலும் கடல் மட்டத்தை எட்டியதும் அதன் வேகம் அடங்கிவிடும். பனியாறு அப்படியல்ல. பனிக்கட்டியின் அடர்த்தி கடல்நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே 1300 மீட்டர் ஆழ நீரில் பனி மிதக்காமல் தரையை அழுத்த வேண்டுமானால் அதன் தடிமன் சுமார் 1450 மீட்டரைத் தாண்ட வேண்டும். பனியுகங்களில் இங்கே அவ்வளவு பனி இருந்தது. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அது இறங்கியது. பக்கத்துப் பனியாறுகள் வந்து சேரச் சேர தடிமனும் வேகமும் கூடின. அடியில் உருகிய நீர் பாறைப் பிளவுகளில் புகுந்து உறைய, பனி நகரும்போது பாளம் பாளமாகப் பாறை பெயர்ந்தது. பெயர்ந்த கற்கள் பனியின் அடியில் பதிந்து, உப்புத்தாள் போலத் தரையைத் தேய்த்தன. கடற்கரைக்கு வந்ததும் இருபுறச் சுவர் இல்லாததால் பனி பரவி மெலிந்தது, மிதந்தது. தோண்டுவதும் அங்கே நின்றது. அந்த இடம்தான் வாசற்படி.

கிளைப் பனியாறுகள் சிறியவை என்பதால் அவ்வளவு ஆழம் தோண்டவில்லை. பனி உருகிய பின் அவற்றின் பள்ளத்தாக்குகள் சுவரின் பாதி உயரத்தில் அந்தரத்தில் தொங்கின. ஃபியோர்டுகளில் இத்தனை அருவிகள் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தத் தொங்கு பள்ளத்தாக்குகளே.

வாசற்படிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடியில் கிடக்கும் கனமான உப்புநீரை அது உள்ளேயே பிடித்து வைக்கிறது. வெளிக்கடலில் அதைவிடக் கனமான நீர் படியின் உயரத்துக்கு எழும்பி வந்தால்தான் அடிநீர் புதுப்பிக்கப்படும். படி மிகவும் மேலே இருந்தால் அதற்கு வழியே இல்லை. தென்நார்வேயின் ஃப்ராம்வாரன் ஃபியோர்டில் வாசல் ஆழம் சுமார் 2 மீட்டர்தான். சுமார் 20 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே தேங்கியிருப்பது அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

மேற்பரப்பிலோ ஆறுகளும் அருவிகளும் கொட்டும் நன்னீர், உப்புநீரோடு எளிதில் கலக்காத மெல்லிய அடுக்காக மிதக்கிறது. லுஸ்டர்ஃபியோர்டு போன்ற கிளைகளில் கோடையில் நீர் பால் கலந்த பச்சையாகத் தெரியும். மேலே உள்ள பனியாறு அரைத்த பாறை மாவு, படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது.

இது தெரிந்தால் எப்போது போவது என்று முடிவு செய்வது எளிது. அருவிகள் முழு வேகத்தில் விழுவது மே, ஜூனில், மலைப்பனி உருகும்போது. ஆகஸ்டில் பல அருவிகள் நூலாக மெலிந்துவிடும். மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்: பாறை நீரை உறிஞ்சாததால் சில மணி நேரத்திலேயே சுவரெங்கும் புது அருவிகள் முளைக்கும். உண்மையான இடைஞ்சல் தாழ்ந்த மேகம்தான். அடிப்பாகம் மட்டும் தெரியும்படி அது 1400 மீட்டர்ச் சுவரை மறைத்துவிடும். அதனால் ஓர் இரவாவது அங்கே தங்கும்படி திட்டமிடுங்கள்.

குட்வாங்கனிலிருந்து ஃப்ளோம் கிராமத்துக்குப் படகுப் பயணம் சுமார் 2 மணி நேரம். 2018 முதல் இங்கே மின்கலத்தில் ஓடும் படகும் உண்டு. இஞ்சின் இரைச்சல் இல்லாததால் அருவியின் ஓசை காதில் விழுகிறது. மேல்தளத்தில் நில்லுங்கள். கோடையிலும் காற்றுத் தடுப்பு மேலங்கி வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கு காற்றைப் புனல் போலக் குவிக்கும். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். அங்கே நண்பகலை ஒட்டிப் போனால்தான் வெயில் நீரைத் தொடுவதைக் காணலாம். படமெடுக்கும்போது அகலக்கோண லென்ஸ் மலையைக் குட்டையாக்கிவிடும். பாக்கா கிராமத்தின் வெள்ளைத் தேவாலயம் கரையில் வரும்போது அதையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தால்தான் படத்தில் சுவரின் உயரம் புரியும்.

ஃப்ளோமிலிருந்து மலைமேல் உள்ள மிர்டால் நிலையத்துக்கு ரயில் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் பனி தோண்டிய பள்ளத்தின் தரையிலிருந்து அதன் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். மிர்டாலுக்குக் கார் செல்லும் சாலை கிடையாது. அங்கே மாறிப் பிடிக்க வேண்டிய பெர்கன் நகர ரயிலைத் தவறவிட்டால் டாக்ஸி பிடிக்க முடியாது. அடுத்த ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே மாறும் இரு ரயில்களுக்கு இடையே போதிய நேரம் விட்டு, கோடையில் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.