‘பயோ’ பை வாங்கி ஏமாறாதீர்கள்: மக்கும் பை விலக்கு யாருக்கு, எப்போது?

பேருந்து நிலைய வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவர், சாதாரணக் கவரைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து மூன்று கிலோ பை வாங்கியிருந்தார். பச்சை நிறம், இலைப் படம், அதன் கீழே ஆங்கில எழுத்தில் ‘பயோடிகிரேடபிள்’. “மக்கும் பைதான், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று மொத்தக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது வாரம் ஆய்வுக்கு வந்தவர்கள் பையை ஒருமுறை கசக்கிப் பார்த்தார்கள், “இதுவும் பிளாஸ்டிக்தான் அம்மா” என்றார்கள், மூட்டையோடு எடுத்துக்கொண்டு அபராதச் சீட்டை நீட்டினார்கள். அன்று அவர் விற்ற பூ முழுவதும் அந்தச் சீட்டுக்கே போனது. பையைத் தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதுபோல ஏமாந்தவர்கள் பழக்கடை, இட்லிக் கடை, பிரியாணிக் கடை என்று என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுத்தவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் 25.06.2018 தேதியிட்ட அரசாணை எண் 84, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதில் கைப்பையும் உண்டு. அதே ஆணையில் ஒரு விலக்கும் இருக்கிறது: ‘கம்போஸ்டபிள்’ (உரமாக மக்கக்கூடியது) என்று அச்சிடப்பட்டு, ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரத்துக்கு ஏற்ப அமைந்த கைப்பைகளுக்குத் தடை இல்லை. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் இந்தப் பைகளை அனுமதிக்கின்றன. ஆனால் தயாரிப்பவரோ விற்பவரோ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியே சான்று வாங்கியிருக்க வேண்டும். ஏமாற்று முழுவதும் இந்த ஒற்றை விலக்கைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதல் குழி ‘மக்கும்’ என்ற சொல்லில் இருக்கிறது. பயோடிகிரேடபிள், கம்போஸ்டபிள் இரண்டையும் தமிழில் நாம் மக்கும் என்றே சொல்கிறோம். சட்டத்துக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். தமிழ்நாட்டு ஆணை விலக்கு கொடுத்திருப்பது இரண்டாவதற்கு மட்டும். பையில் ‘பயோ’, ‘ஈகோ’, ‘கிரீன்’, ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று எது அச்சாகியிருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. ‘ஆக்ஸோ’ என்று தொடங்கும் சொல் இருந்தால் அந்தப் பையைத் தொடவே வேண்டாம். அது சாதாரணப் பாலிதீன்தான். கோபால்ட், மாங்கனீசு, இரும்பு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். வெயில் பட்டதும் தூள்தூளாக உதிரும். உதிர்ந்த தூளும் பிளாஸ்டிக்தான். கண்ணுக்குத் தெரியாத அளவில் மண்ணிலும் மாட்டின் வயிற்றிலும் போய்ச் சேரும்.

உண்மையான மக்கும் பை, அதாவது கம்போஸ்டபிள் பை, தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி வடிவமைக்கப்பட்டது. பாலிதீனின் மூலக்கூறுச் சங்கிலியில் கார்பனோடு கார்பன் கோத்திருக்கும்; நுண்ணுயிர்களுக்கு அதில் பல் பதியாது. மக்கும் பையின் சங்கிலியில் ஈரமும் சூடும் உடைக்கக்கூடிய ‘எஸ்டர்’ என்ற வேதிக் கண்ணிகள் இடையிடையே வைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் மாவுப்பொருளும் கலந்திருக்கும். தரச் சோதனையும் கடுமையானது. ஏறத்தாழ 58 டிகிரி சூட்டில், 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மேலே தங்கக் கூடாது. கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. கிடைக்கும் உரத்தில் விதை போட்டால் முளைத்து வளர வேண்டும். இவ்வளவையும் மொத்தக் கடைக் கல்லாவில் யாராலும் நிரூபித்துக் காட்ட முடியாது. தீக்குச்சி வைத்துக் கொளுத்திக் காட்டுவதும், சுடுதண்ணீரில் கரைத்துக் காட்டுவதும் சான்றாகாது. தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக்கும் சந்தையில் இருக்கிறது. அந்த வித்தையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

பிறகு எதைப் பார்த்து வாங்குவது? பையின் மேலேயே மூன்று விவரங்கள் அச்சாகியிருக்க வேண்டும்: கம்போஸ்டபிள் என்ற சொல், தயாரிப்பாளர் பெயர், மத்திய வாரியம் கொடுத்த சான்று எண். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் தர எண்ணான 17088 என்ற ஐந்து இலக்கத்தையும் தேடுங்கள். அது இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். அச்சடிப்பது எளிது என்பதால் அதோடு நின்றுவிடவும் கூடாது.

சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே இரண்டாவது குழி வரும். பளபளவென்று லேமினேட் செய்த ஒரு தாளை நீட்டுவார்கள். நான் பார்த்த தாள்களில் ஒன்று தொழிற்சாலை நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. சான்று, பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று சோதனைக் கூட அறிக்கை. சோதனை அறிக்கையை வைத்து வாரியத்திடம் விண்ணப்பிக்கலாமே தவிர, அறிக்கையே சான்று ஆகாது. மூன்றாவது ஒருவர் காட்டியது மூலப்பொருள் மணிகளுக்கு வேறொரு நிறுவனம் பெற்ற தாள். தாளில் உள்ள பெயரும் பையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சான்று பெற்றவர்களின் பட்டியலை மத்திய வாரியம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் கைப்பேசியில் தேடிக் கொடுக்கும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மைக்ரான் கணக்கைச் சொல்லியும் ஏமாற்றுவார்கள். “120 மைக்ரானுக்கு மேல் தடிமன் இருந்தால் அனுமதி உண்டு” என்பார்கள். அது மத்திய விதி. 2022 டிசம்பர் 31 முதல் நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பை எந்தத் தடிமனில் இருந்தாலும் தடைதான். துணி போலத் தோன்றும் நெய்யாத பையும் மாநிலத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பக்கத்து மாநிலத்திலிருந்து சரக்கு எடுப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

டீக்கடை, ஜூஸ் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றை இருமுறை படியுங்கள். தமிழ்நாட்டு ஆணையின் விலக்கு கைப்பைக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கப், தட்டு, ஸ்டிரா பற்றி அதில் பேச்சில்லை. மத்திய விதி மக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் விட்டுவைக்கிறது என்று விற்பனையாளர் அந்த விதியை எடுத்துக் காட்டினாலும், உங்கள் கடைக்கு வருபவர் மாநில ஆணையைத்தான் கையில் வைத்திருப்பார். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் மத்தியப் பட்டியலில் இல்லை, மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ‘பேப்பர் கப்தானே’ என்ற நம்பிக்கையில் எத்தனை டீக்கடைகள் அபராதம் கட்டியிருக்கின்றன! கண்ணாடி டம்ளருக்கும் எவர்சில்வர் டம்ளருக்கும் இந்தக் கவலையே கிடையாது.

ஆய்வுக்கு வந்துவிட்டார்கள், பையை எடுத்துவிட்டார்கள் என்றால் பதறாமல் செய்ய வேண்டியவை சில. சத்தம் போடாதீர்கள், காலில் விழாதீர்கள். எத்தனை கிலோ, என்ன வகை, எந்தச் சட்டப் பிரிவு என்று எழுதிய பறிமுதல் சீட்டைக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தேதி, நேரம், வந்தவர்களின் பதவி மூன்றையும் நீங்களே எழுதிவைத்து, பக்கத்துக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். எடுத்த பைகளில் ஒன்றை மாதிரியாகத் தனியே கட்டிவைக்கச் சொல்லுங்கள். மூட்டையைக் குப்பை வண்டியில் கொட்டிய பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

உங்களை எந்த வகையில் பதிகிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். சென்னையில் 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, தடை செய்த பொருளைப் பயன்படுத்திய சிறு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், இரண்டாம் முறை 200, மூன்றாம் முறை 500. இருப்பு வைத்து விநியோகிப்பவருக்கு முதல் முறையே 25,000. தள்ளுவண்டிக்காரர் ஒரு வாரத்துக்கு வாங்கிய பையைப் பார்த்து ‘இருப்பு’ என்று எழுதிவிட்டால் அவர் குடும்பம் தாங்காது. உங்கள் ஊர்த் தொகை வேறாக இருக்கலாம். வகையைப் பிரிக்கும் முறை இதுதான். “நான் சில்லறை வியாபாரி, என் கடைப் பயன்பாட்டுக்கு” என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். தெரு வியாபாரி அடையாள அட்டை இருந்தால் அதன் நகலைக் காட்டுங்கள்.

அடுத்தது அலைக்கழிப்பு. ஒரு பழக்கடைக்காரரிடம் இருந்தது முறையான மக்கும் பை, சான்று எண் அச்சானது. “உன் சான்றைக் கொண்டு வா” என்றார்கள். அவர் மாநில வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். “நாங்கள் தருவதில்லை, மத்திய வாரியம்” என்றார்கள். அங்கே கேட்டால் “தயாரிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும்” என்று பதில். திரும்பி வந்தால் “அப்படியானால் எழுதி வாங்கி வா”. ஆறு நாள் கடை மூடிக் கிடந்தது. அழுகிய பழத்துக்கு யார் பதில் சொல்வார்கள்?

அவரிடம் கேட்டதே தவறான தாள். பொருளைப் போட்டுக் கொடுக்க மட்டும் பை வைத்திருக்கும் கடைக்காரர், பை வியாபாரி அல்லர். சான்று வாங்கும் கடமை தயாரிப்பவருடையது, பையைச் சந்தைப்படுத்துபவருடையது. நீங்கள் காட்ட வேண்டியவை பையில் உள்ள சான்று எண்ணும், வாங்கிய ரசீதும். பையையே கட்டுக்கட்டாக விற்கிறீர்கள் என்றால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. உங்களுக்குச் சரக்கு கொடுத்தவரின் சான்று நகலைக் கடையில் வைத்தே ஆக வேண்டும்.

அலையச் சொன்னால் வாய்ப் பேச்சை நிறுத்திவிட்டு மனுவாகக் கொடுங்கள். மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று. மனுவில் கதை வேண்டாம். பையின் சான்று எண், வாங்கிய தேதி, பறிமுதல் தேதி, இந்தப் பை அரசாணை 84இன் விலக்கில் வருகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி. நகலில் முத்திரையோடு தேதி போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை கேட்டு விரைவுத் தபால். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும்; அந்த எண்தான் பிறகு பேசும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: என் பையை எந்தச் சோதனையின் அடிப்படையில் தடை செய்யப்பட்டது என்று முடிவு செய்தீர்கள், மாதிரி எங்கே இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். கசக்கிப் பார்த்ததைத் தவிர எந்தச் சோதனையும் செய்யாதவர்களுக்கு இந்தக் கேள்வி கடினமானது.

பை போலி என்று தெரிந்துவிட்டால் அலுவலகத்தோடு மோதிப் பயனில்லை. விற்றவரைப் பிடியுங்கள். ‘மக்கும் பை’ என்று பொய் சொல்லி விற்றதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இங்கேயும் ஒரு குழி உண்டு. “வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்” என்று எதிர்த் தரப்பு முதல் நாளே சொல்லும். பலர் அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)இல் விளக்கம் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கம் ஆகாது. “இந்தக் கடை ஒன்றே என் பிழைப்பு, நானே நடத்துகிறேன்” என்ற வரியைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அந்த வரி விடுபட்டுப் புகார் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். கால வரம்பு இரண்டு ஆண்டு. தொடங்கும் முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ரசீது வேண்டும். பூ விற்கும் அம்மாவிடம் இருந்தது வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் ‘கவர் 3’ என்றும் ஒரு தொகையும் மட்டும். கடைப் பெயர் இல்லை. மகன் கைப்பேசியில் பணம் அனுப்பியிருந்ததால் தேதியும் கடைக்காரர் பெயரும் கிடைத்தன; அதை வைத்துத்தான் புகார் எழுதினோம். ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட ரசீதைக் கேளுங்கள், அதில் ‘கம்போஸ்டபிள் பை, சான்று எண் இன்னது’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் பை வாங்காதீர்கள். வாங்கிய கட்டிலிருந்து ஒரு பையை எடுத்து ரசீதோடு சேர்த்துக் கட்டி வீட்டில் வையுங்கள். கடையில் வைத்தால் மூட்டையோடு அதுவும் போய்விடும்.