ஒட்டிய உறைக்குள் ஒரு அட்டை

காசநோய்க்கு ஒரு புது மருந்து வந்திருக்கிறது, அதை நூறு பேருக்குக் கொடுத்து எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எண்ணினால் போதாதா? போதாது. மருந்தே இல்லாமல் வெறும் படுக்கை ஓய்விலேயே சிலர் தேறிவிடுவார்கள். இதைச் சரியாகச் சோதிக்க வழி வகுத்த ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லே அப்படித் தேறியவர்தான். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தபோது காசநோய் வந்ததால் டாக்டராகும் ஆசையை விட்டுவிட்டு, தபால் வழியில் பொருளாதாரம் படித்து, பின்னாளில் லண்டனில் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியரானார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனுக்குக் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற அந்தப் புது மருந்து மிகக் கொஞ்சம், எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. அதனால் பாதிப் பேருக்கு மருந்தும் ஓய்வும், மீதிப் பேருக்கு ஓய்வு மட்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. சரி, யாருக்கு எது?

அதுவரை ஒருவர் விட்டு ஒருவர் என்று பிரிப்பதுதான் வழக்கம். அதில் அடுத்த முறை யாருடையது என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இவர் தாங்கமாட்டார், நாளைக்குச் சேர்த்துக்கொள்வோம் என்று இரக்கத்தில் செய்கிற சின்ன மாற்றம்கூட கணக்கைக் கெடுத்துவிடும். ஹில் எதேச்சை எண்களை, அதாவது எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் எண்களை வைத்துப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு முடிவையும் எண்ணிட்ட உறையில் வைத்து ஒட்டினார். நோயாளியைச் சேர்ப்பது உறுதியான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். என்னைக் கேட்டால், எண்களைவிட அந்த ஒட்டிய உறைதான் பெரிய கண்டுபிடிப்பு. எக்ஸ்ரே பார்த்தவர்களுக்கும் எது யாருடைய படம் என்று தெரியாது.

1948இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர். ஆனால் ஐந்து வருடம் கழித்து எண்ணியபோது இறந்தவர்கள் 32, 35 என்று இரண்டும் நெருங்கிவிட்டன, கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதுதான் காரணம். அப்புறம் பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பழக்கத்தைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதையும் இதே முறையில்தான் காட்டினார்கள்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. ஓய்வு மட்டும் பெற்றவர்களிடம் இப்படியொரு சோதனை நடக்கிறது என்றே சொல்லவில்லை. இன்று அதற்கு அனுமதி கிடையாது.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையமும் இப்படித்தான் நோயாளிகளை எதேச்சையாகப் பிரித்தது, வீட்டில் சிகிச்சை ஒரு பக்கம், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனை இன்னொரு பக்கம். நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு, இருந்தும் வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள்.