பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினீர்களா? உடனே ஆன் செய்யாதீர்கள்

"முப்பது வருஷம் கழிச்சு நேத்து ராத்திரிதான் ஆன் பண்ணேன். ஒரு நிமிஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் திரை கறுத்துப் போச்சு." எனக்கு வரும் போன்களில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

1980-களில் டிவியோடு இணைத்து ஓட்டிய வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஸ்பெக்ட்ரம், கொமடோர், பிபிசி மைக்ரோ, அமிகா என்று வரும். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பெட்டியை மேசையில் வைத்ததுமே விரல்கள் கீபோர்டைத் தேடிப் போகும். ஸ்பெக்ட்ரமின் ரப்பர் கீயை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, பேச்சே வராமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால விளையாட்டுகளில் பலவற்றை எமுலேட்டரில், அதாவது பழைய மெஷினைப் போலவே நடிக்கும் இன்றைய மென்பொருளில், இலவசமாகவே ஓட்டலாம். ஆனாலும் இவர்களுக்கு அந்தப் பெட்டியேதான் ஓட வேண்டும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அவசரத்தில்தான், உயிரோடு இருந்த மெஷின் பலருக்குக் கைவிட்டுப் போகிறது.

முதலில் அடாப்டரைச் சொல்கிறேன். 1982-இல் வந்த கொமடோர் 64-க்கு அடாப்டரிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் போகும். அந்த 5 வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டரை, இறுகிப்போன பிசினுக்குள் புதைத்திருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை. வயதாகி அது பழுதானால் 5 வோல்ட் 5-இல் நிற்காது, மேலே ஏறும். அதை முதலில் வாங்கிக்கொள்பவை மெமரி சிப்புகள். நீலத் திரையில் '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்று வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வராது. மெமரி சிப்பையாவது தேடிப்பிடித்து மாற்றிவிடலாம். அந்த மெஷினின் குரலான சிட் சிப் போனால் கஷ்டம்தான், அசலை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

அதனால் அடாப்டரைக் கம்ப்யூட்டரில் செருகும் முன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அந்த 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருந்தால் இன்றைக்குச் சரி. நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. என் மேசையில் பழைய அடாப்டரை நான் பயன்படுத்துவதே இல்லை. இந்த மெஷினுக்கென்றே இப்போது செய்யப்படும் புது பவர் சப்ளையை வாங்கிவிடுங்கள்.

ஸ்பெக்ட்ரத்தில் ஆபத்து வேறு. அதற்கு 9 வோல்ட் டிசி. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு 9 வோல்ட் அடாப்டர் பொருந்திவிட்டதே என்று செருகிவிடுவார்கள். இப்போதைய அடாப்டர்களில் பெரும்பாலும் பிளக்கின் நடுமுனை பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரத்துக்கு நடுமுனை நெகட்டிவ். மாற்றிச் செருகினால் உள்ளே பாகங்கள் எரியும்.

அடுத்தது பேட்டரி. இதற்கு நீங்கள் ஆன்கூடச் செய்ய வேண்டாம், பரணில் கிடக்கும்போதே சேதம் நடந்துகொண்டிருக்கும். அமிகா 2000-இன் சர்க்யூட் போர்டிலும், அமிகா 500-க்கு வாங்கிப் போட்ட கூடுதல் மெமரி அட்டையிலும், கடிகாரத்துக்காகச் சின்ன பீப்பாய் போல ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் செம்புத் தடங்களின் மேல் பச்சைப் பொருக்கு படரும். பழைய மேக்கின்டாஷ்களில் இருக்கும் லித்தியம் பேட்டரியும் கசியும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். மெஷினில் மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து இந்த வாரமே பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். நிக்கல்-காட்மியம் கசிவு காரத்தன்மை உள்ளது. நான் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுவேன்.

பிபிசி மைக்ரோவில் பவர் சப்ளையின் கப்பாசிட்டர் உறை விரிசல் விட்டு, ஆன் செய்த சில நிமிடங்களில் நாற்றத்தோடு புகையும். புகை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பயப்படாதீர்கள், பெரும்பாலும் மெஷின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் குழாய்த் திரை மானிட்டரை மட்டும் நீங்களாகத் திறக்கவே கூடாது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் மஞ்சளானதைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது அழகுப் பிரச்சினைதான், காத்திருக்கட்டும்.

பேட்டரியைப் போலவே காத்திருக்க முடியாதது கேசட். அந்தக் காலத்தில் புரோகிராம்களை ஒலியாக இதில்தான் பதிந்து வைப்பார்கள். போர்டு எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் ஏதாவது செய்து பார்க்கலாம். டேப்பில் அழிந்தது திரும்ப வராது.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் 48 கேபி ஸ்பெக்ட்ரமும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். கேசட்டில் கடையில் வாங்கிய விளையாட்டின் பெயர் இருந்தது. மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கேசட்டை எடுத்தேன். பழைய டேப் பிளேயரில் பெல்ட் பிசுபிசுத்துப்போய் நாடாவையே விழுங்கிவிடும் என்பதால், நான் பெல்ட் மாற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து வைத்திருக்கும் பிளேயரில்தான் போட்டேன். இரண்டு பக்கமும், கடைசி வரை. எம்பி3-யாக இல்லாமல், ஒலியைச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாகப் பதிந்தேன், எம்பி3 சுருக்கும்போது ஒலி அலையின் வடிவம் கெட்டுவிடலாம். முதல் தடவை சத்தம் மங்கலாக வந்தது. ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கால் சுற்றுகூட இல்லை, ஒரு துளி திருப்பினேன். கீச்சென்று தெளிவாக வந்தது.

முதல் பக்கத்தில் விளையாட்டு. இரண்டாம் பக்கம் முக்கால்வாசி வெறும் இரைச்சல். நிறுத்தலாமா என்று நினைக்கும்போது, புரோகிராம் தொடங்கும் முன் வரும் அந்த நீளமான 'பீ' ஒலி கேட்டது. கோப்பாக மாற்றி எமுலேட்டரில் ஓட்டினேன். திரை விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமாகக் கோடுகள், பிறகு நீலமும் மஞ்சளும். வந்தது ஒரு வாய்ப்பாட்டுப் பயிற்சி. தப்பாகப் பதில் சொன்னால் ஒரு கரகர ஒலி.

பதின்மூன்று வயதில் தங்கைக்காக அவரே பேசிக் என்ற புரோகிராம் மொழியில் எழுதியது. எழுதியதையே மறந்திருந்தார். அங்கேயே நின்றபடி தங்கைக்குப் போன் போட்டு, "ஏழெட்டு எவ்வளவு, சொல்லு" என்றார்.

அடாப்டர் வர இரண்டு வாரம் ஆகும் என்றேன். சரி என்று கம்ப்யூட்டரை என்னிடமே விட்டுவிட்டு, பென் டிரைவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.