இயற்கை ஒயினும் சுகர் மாத்திரையும்

குன்னூர்ப் பக்கம் என்னிடம் வருகிறவர்களிடம் "குடிப்பீங்களா?" என்று கேட்டால், பலர் சட்டென்று "இல்லைங்க டாக்டர்" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "பையன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒயின் மட்டும், ராத்திரி குளிருக்கு" என்று வரும். இப்போது அதற்கு ஒரு விளக்கமும் சேர்ந்திருக்கிறது: இயற்கை விவசாயம், பழைய கொடியில் பறித்த திராட்சை, அதுவும் வெள்ளை ஒயின். அதனால் உடம்பை ஒன்றும் செய்யாதாம்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்வது சரியாகவே இருக்கட்டும். வயதான கொடி குறைவாகத்தான் காய்க்கும். ஆனால் அதன் பழத்தில் சுவை செறிவாக இருக்கும் என்று ஒயின் செய்கிறவர்கள் மதிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 35 வயதைத் தாண்டிய தோட்டங்களின் ஒயினுக்குத் தனி முத்திரையே உண்டு. பாட்டன் காலத்துத் தேயிலைச் செடியை இன்னும் கவ்வாத்து செய்து காப்பாற்றும் நம் ஊரில் இந்த மதிப்பு எல்லோருக்கும் புரியும். ஆனால் 'மருந்தே அடிக்காதது' என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் இயற்கை முறைத் திராட்சைக்கும் பூஞ்சண நோய் வராமலிருக்கத் தாமிரமும் கந்தகமும் தெளிக்க அனுமதி உண்டு. கொப்புள நோய்க்கு நாம் தேயிலைக்குத் தெளிப்பதும் தாமிரம்தான்.

சரி, கிளாஸுக்குள் என்ன இருக்கிறது? திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. கொடிக்கு எத்தனை வயதானாலும் அது அதே ஆல்கஹால்தான். 13 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டிலில் சுமார் 77 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவாட்டரில் சுமார் 61 கிராம். குவாட்டரைக் கண்டால் முகம் சுளிக்கிற வீட்டில் அதைவிட அதிகம் மேஜைமேல் நிற்கிறது. 150 மில்லி ஒரு கிளாஸ் என்றால் 30 மில்லி பெக் ஒன்றரை. ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. அதில் ஒயினுக்கு விலக்கு இல்லை.

குளிருக்கு இதம் என்பதும் ஏமாற்றுதான். தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாகத் தோன்றும். உண்மையில் உடம்பின் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் சிலருக்கு வீசிங்கைக் கிளப்பும், அதனால் வீசிங் உள்ளவர்கள் அதையும் கவனியுங்கள். தனியாகச் சேர்க்காவிட்டாலும் புளிக்கும்போதே அது கொஞ்சம் உண்டாகும்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது சுகர் நோயாளிகள்தான், அதிலும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவது கல்லீரல். ஆல்கஹாலைச் சிதைக்கும் வேலையில் அது புதுச் சர்க்கரை தயாரிப்பதைக் குறைத்துவிடுகிறது. மாத்திரையோ தன் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரவு டிபனைக் கொஞ்சமாக முடித்துக்கொண்டு இரண்டு கிளாஸ் குடித்துப் படுத்தால், விடிகாலையில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல் வரும். வீட்டில் இருப்பவர்கள் "போதை, தூங்கட்டும்" என்று போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள். மூளைக்குச் சர்க்கரை கிடைக்காத அந்த நேரம்தான் உயிருக்கே ஆபத்து.

அதனால் மாத்திரை எழுதும் டாக்டரிடம் ஒயினையும் சொல்லுங்கள்: எவ்வளவு, எப்போது, சாப்பிட்டா சாப்பிடாமலா என்று. யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம்.

குடித்தவர் வியர்த்து உளறினால் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் மலையேறி வர நேரமாகும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.