பிரிண்ட்: நகலா, அச்சா?

மதுரையில் எந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, “எத்தனை காப்பிண்ணே?” பாஸ்போர்ட் படத்துக்கு அது சரி. ஆனால் ஒரு கண்காட்சியில், கலைஞர் ஒருவரின் படத்துக்குக் கீழே ‘போட்டோகிராஃபிக் பிரிண்ட்’ என்பதை ‘ஒளிப்பட நகல்’ என்று எழுதியிருந்தார்கள். அங்கேதான் இடித்தது.

பிரிண்ட்டின் வேர் லத்தீன் ‘பிரெமெரே’, அழுத்துதல். பழைய பிரெஞ்சு வழியாக ‘அழுத்திப் பதிந்த தடம்’ என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. நகல் என்ற எண்ணமே அதில் கிடையாது. தமிழில் இதற்கு நேர், அச்சு. (‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று வள்ளுவர் சொல்வது வண்டி அச்சு; அதை இங்கே இழுக்க வேண்டாம்.) தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் அச்சுத்தான். குழியில் பாகை ஊற்றி எடுத்தால் அச்சு வெல்லம். மெழுகில் தோய்த்த கட்டையைச் சுங்குடிச் சேலையில் ஒற்றினால் அதுவும் அச்சு. அச்சு வெல்லத்தில் எந்தக் கட்டி அசல், எது நகல் என்று யாராவது கேட்பார்களா?

எங்கள் வீட்டில் சின்னத்தாத்தா படம் ஒன்று உண்டு. மில் தொழிலாளி, மேடையே ஏறியதில்லை. ஆனால் படத்தில் ‘வள்ளி திருமணம்’ முருகனாக, கையில் வேலோடு, சீன் துணியில் வரைந்த காட்டுக்கு முன்னால் நிற்கிறார். வலது ஓரத்தில் துணி முடிந்து யாருடைய சைக்கிள் ஹேண்டில்பாரோ எட்டிப் பார்க்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கையால் வண்ணம் தீட்டியது. எங்களிடம் உள்ளதில் வேல் மஞ்சள், அத்தை வீட்டில் வெள்ளி, பெரியப்பா வீட்டில் தீட்டவே இல்லை. நெகட்டிவ் ஒன்று, மூன்றும் அசல். ‘அச்சு அசல்’ என்று நாம் சேர்த்துச் சொல்வது சும்மா இல்லை.

ஓவியமும் நாடகமும் போட்டோவும் இப்படிக் கலப்பது நம் பக்கம் புதிதல்ல. நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்துகொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி ஸ்டுடியோ நடத்தினார். சிவகாசி காலண்டர்களின் சாமி படங்கள் பல அவர் கைவண்ணம். பெங்களூரின் ஒளிப்படக் கலைஞர் புஷ்பமாலா 2000-2004 காலத்தில் ரவிவர்மாவின் லட்சுமியாகத் தானே வேடமிட்டு நின்று படமாக்கினார், குறும்பு மாறாமல்.

இந்த வகைப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் 3/10 என்று இருந்தால், பத்தே அச்சு, இது மூன்றாவது என்று அர்த்தம். முதலாவதைப் பார்த்து எடுத்த நகல் அல்ல அது. ஆகவே ‘பிரதி’, ‘படி’ இரண்டையும் தள்ளிவிட்டு ‘ஒளிப்பட அச்சு’ என்று எழுதுகிறேன். சுருக்கி ‘ஒளியச்சு’ என்றால் இன்னும் அழகு. ஆனால் பழைய புத்தகங்களைப் புரட்டுங்கள், டைப் செட்டிங் செய்தவர்கள் அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.